தப்பான படத்தில் சிரிப்பவன் நான்தான்

1

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா குடியாத்தத்திலிருந்து ஃபோன் செய்தாள். வழக்கமாக யாராவது செத்தால்தான் அவள் பேசுவாள். அதனால் எடுத்ததுமே, "யாருக்கா?" என்றுதான் கேட்டேன். ஆனால் அவள் குரலில் கொண்டாட்டம்.

"டேய் சம்பத்து, நம்ம செல்வி புதுசா தொறந்த நர்ஸிங் ஹோம்ல வேலைக்குச் சேந்திருக்கா இல்ல? அவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பாடம் நடத்தப் போறாங்களாம்டா. கிருமி பரவாம எப்டி வேலை செய்யறதுன்னு. பெங்களூர்ல இருந்து சிடி வந்துகீதாம். உன்னுதுதானே அது?"

செல்வி அக்காவின் மகள். "எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"நீதானேடா சொன்னே, கம்ப்யூட்டர்ல நான் வர்றேன்க்கான்னு. நான் தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். செல்வி மொதல்ல பாத்துட்டு வரட்டும். அப்புறம் நாங்களும் ஒரு நாள் போயி பாக்கறோம்."

"ஆயிது அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைக்கும்போது, "இன்னாடா ஆயிது?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் கன்னடம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஆயிது என்றுதான் வருகிறது.

நம் ஊர்ச் சங்க மலரில் வெளியே போய்ப் பிழைக்கிறவர்களுக்கு என்று சில பக்கம் ஒதுக்குகிறார்கள். இந்த வருஷம் என்னையும் எழுதச் சொன்னார்கள். துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் எழுதுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம். இதைப் போய் அயல்தேசம் என்றால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அக்கா பேசிய பிறகு எழுத உட்கார்ந்துவிட்டேன். செல்வி வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். மலர் அச்சாகி வருவதற்குள் அவள் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த சிடியில் நான் வருகிறேன். அது உண்மை. எப்படி வருகிறேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. படம் எடுத்த அன்று அக்காவுக்கு ஃபோனில் சொன்னபோது எனக்கே தெரியாது.

2

நான் எட்டாவதோடு நின்றவன். நம் ஊர்த் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்கும் பிரிவில் இருந்தேன். என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நான் அங்கே எப்படி இருந்தேன் என்று. வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவுவேன், முகர்ந்து பார்ப்பேன், மறுபடி கழுவுவேன். மருந்து வாசம் போகாமல் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். "பயந்தாங்கொள்ளி" என்று மேஸ்திரி பட்டப்பெயரே வைத்தார். கல்யாணம் ஆகி மகள் கவிதா பிறந்த பிறகு, பெங்களூரில் இருந்த மச்சான் ஒருவர் சொல்லி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தோம். ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதில் சலவைப் பிரிவில் வேலை. பொம்மனஹள்ளியில் வாடகை வீடு.

இன்றைக்கும் அதே பொம்மனஹள்ளிதான். காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். என் மனைவி வசந்தா வாசலிலேயே நிற்பாள். "சிலிண்டரைக் கழட்டிக் கையில குடுத்துடறேன், எடுத்துக்கினு போங்க" என்பாள்.

சலவைப் பிரிவிலிருந்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்தவர் ரோஸி சிஸ்டர். கேஜிஎஃப்காரர். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன குடும்பம்தான். அதனால் அவர் பேச்சைக் கேட்டால் ஊரில் இருப்பது போல இருக்கும். ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டுக்கு அப்போது அவர்தான் பொறுப்பு. துணி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நான் ஒவ்வொரு தடவையும் கை கழுவுவதைப் பார்த்திருக்கிறார். "இந்த அண்ணன் எனக்கு வேணும். எனக்கு இந்த மாதிரி பயப்படற ஆளுங்கதான் வேணும்" என்று மேட்ரனிடம் கேட்டு வாங்கினார். என் பயத்தைக் குறையாகச் சொல்லாத முதல் மனுஷி அவர்தான்.

மத்தியானத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவர் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு என் சோறு, வசந்தா செய்த கீரைக்கு அவர் சோறு. வார்டில் சிஸ்டர் என்பேன். சாப்பிடும் இடத்தில் ரோஸிம்மா.

3

பிறகு அவரை இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டராகப் போட்டார்கள். ஒரு நோயாளியின் கிருமி இன்னொருவருக்கோ வேலை செய்கிறவர்களுக்கோ போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வார்டு வார்டாகப் போய், கை கழுவுகிறார்களா, ஊசி சரியான டப்பாவில் விழுகிறதா, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு எல்லோருக்கும் வகுப்பும் எடுக்க வேண்டும். அதுதான் அவரைக் கொன்றது. காலை ஷிஃப்டுக்குச் சொன்னதை மதிய ஷிஃப்டுக்கு, பிறகு இரவு ஷிஃப்டுக்கு. கன்னடத்தில் சொன்னால் மலையாள நர்ஸுகள் விழிப்பார்கள். தமிழில் சொன்னால் கூட்டித் துடைக்கிற கௌரம்மா விழிப்பாள். சொல்லி முடிப்பதற்குள் காண்டிராக்டில் பாதி ஆள் மாறியிருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து. அவருக்குத் தொண்டையே போய்விட்டது.

அதனால்தான் கம்ப்யூட்டர் பாடம் வந்தது. அவரவர் நேரம் கிடைக்கும்போது போய் உட்கார்ந்து, அவரவர் பாஷையை அழுத்தினால், அதுவே பேசும், அதுவே கேள்வி கேட்கும், அதுவே மார்க் போடும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

"படத்துல நீங்க வரணும்ணா" என்றார் ரோஸிம்மா ஒரு நாள் சாப்பிடும்போது. "உங்களை மாதிரி கை கழுவுறவங்க இந்தப் பில்டிங்லயே இல்ல."

முடி வெட்டிக்கொண்டேன். யூனிஃபார்மைக் கடையில் கொடுத்து இஸ்திரி போட்டேன். வசந்தா விபூதி வைத்துவிட்டாள். இதையும் கிருமி என்று சொல்வார்களோ என்று பஸ்ஸில் யோசித்துப் பாதி வழியில் துடைத்துவிட்டேன்.

காலியாக இருந்த ஓர் அறையில் படம் எடுத்தார்கள். முதலில் எல்லாம் சரியாகச் செய்தேன். விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்த்துக் கழுவினேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் தொட்டேன். ஊசியை மூடாமல் அப்படியே டப்பாவில் போட்டேன். ஏதாவது விட்டுவிடுவேனோ என்று எனக்கு ஒரே பதற்றம். கேமராக்காரர் தமிழ்ப் பையன்தான். "சார், இன்னா சார், வீட்ல துக்கமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது முடிந்ததும் ரோஸி சிஸ்டர் சொன்னார்: "சம்பத்தண்ணா, இப்போ அதையே ஒரு தடவை தப்பா செய்யணும்."

"தப்பா எதுக்கு சிஸ்டர்?"

"பக்கத்துப் பக்கத்துல காட்டறதுக்கு. இது சரி, இது தப்புன்னு. ரெண்டுலயும் நீங்கதாண்ணா வருவீங்க. ஒரே ஆளு ரெண்டு விதமா செஞ்சாதான் ஜனங்க மூஞ்சியைப் பாக்காம கையைப் பாப்பாங்க."

இந்த வார்த்தைகளை நான் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

தப்பாகச் செய்ய எனக்குக் கை வரவில்லை. குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது. போடும்போதுதான் நம் விரலில் ஏறும். அதைச் செய்யச் சொன்னால் மூடியைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது. கேமராக்காரர் பார்த்தார். "போடுங்க சார், ஊசிக்கு வெயில் அடிக்குது, தொப்பி போட்டு விடுங்க" என்றார். எனக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரம் அடக்கிய பதற்றமெல்லாம் சிரிப்பாக வந்தது. அவரும் விடவில்லை, ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நுனிவிரலை மட்டும் நனைத்துக்கொண்டு கையைப் பேண்ட்டில் துடைக்கிற படம், உறை போட்ட கையோடு கதவைத் திறக்கிற படம், எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரித்தேன்.

முடிந்ததும் ஓடிப்போய்க் கை கழுவினேன். "புது ஊசிண்ணா அது, யாருக்கும் குத்தல!" என்று ரோஸி சிஸ்டர் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலம்தான் எஸ்டிடி பூத்திலிருந்து அக்காவுக்கு ஃபோன் செய்தேன். வீட்டுக்கு வந்து கவிதாவுக்கு நடித்துக் காட்டினேன். அவள் அப்போது பத்தாவது. சரியாகச் செய்வதை ஒரு தடவை, தப்பாகச் செய்வதை ஒரு தடவை. "தப்புதாம்ப்பா சூப்பர்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி உண்டு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கிருமிப் பாடம் படிக்க ஆஸ்பத்திரித் தரையில் வெறுங்காலோடு போக வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்; கேட்கப் பயமாக இருந்தது.

படம் எடுத்துச் சில மாதம் கழித்துத்தான் பாடம் வந்தது. முதல் நாள் எங்கள் வார்டு. ரோஸி சிஸ்டர் இருந்தார். என்னைப் பார்க்காமல் வயர்களைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பக்கத்தில் கௌரம்மா உட்கார்ந்திருந்தாள். கன்னடக்காரி, வாய்க்காரி. மௌஸைத் தொடவே பயந்து முந்தானையால் பிடித்தாள்.

நான் தமிழை அழுத்தினேன். ஒரு பெண் குரல் அழகாகப் பேசியது. பிறகு இரண்டு படம் வந்தது. வலது பக்கம் நான், ஊசிக்கு மூடி போட்டுக்கொண்டு, பல் தெரிய. இடது பக்கம் ரிசப்ஷனில் உட்காருகிற ஷில்பா. நல்ல சிவப்பாக இருக்கும் பெண். நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டு, ஊசியை டப்பாவில் போடுகிறாள். அவள் ஊசியைத் தொட்டது அந்தப் படத்தில்தான் என்று நினைக்கிறேன். "இவர்களில் யார் செய்வது சரி?" என்று குரல் கேட்டது.

யார் செய்வது என்று கேட்டது. எது சரி என்று கேட்கவில்லை.

என் சரியான படமும் எங்கேயாவது வரும் என்று அழுத்திக்கொண்டே போனேன். வரவே இல்லை. கை கழுவுவதில் ஷில்பா சரி, நான் தப்பு. உறையில் ஷில்பா சரி, நான் தப்பு. தப்பை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க என் படத்தை நானே ஒரு தடவை அழுத்தினேன். என் முகத்தின் குறுக்கே சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ரோஸிம்மா, ரெண்டுலயும் நான் வருவேன்னு சொன்னீங்களே."

"மேனேஜ்மெண்ட்ல பாத்தாங்கண்ணா. சரியான போட்டோவுல எல்லாம் நீங்க பயந்துபோன மாதிரி இருக்கீங்களாம். பேஷண்ட் பாத்தா பயந்துக்குவாங்கன்னாங்க. தப்பு போட்டோ மட்டும் ரொம்ப நல்லா வந்திருக்குன்னாங்க."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவர் கம்ப்யூட்டருக்கு உறையை மாட்டினார். "சொன்னா நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லல."

அத்தனை மாதம் அந்தக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன்.

5

கௌரம்மாதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. குரல் வேகமாகப் பேசினால் புரியாது. ஆனால் முதல் தடவையிலேயே பாஸ். வெளியே வந்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னாள்: "சம்பத்தண்ணன் முக பந்த்ரெ ஒத்தபேடி. அஷ்டே. பாஸு!"

சம்பத்தண்ணன் முகம் வந்தால் அழுத்தாதீர்கள், அவ்வளவுதான், பாஸ். கேள்வியை யாரும் கேட்கவில்லை. கையை யாரும் பார்க்கவில்லை. காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனைக்கூடச் சிலர் மாட்டவில்லை. சமையல்கட்டு, லிஃப்ட்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று பில்டிங் முழுக்கப் பாஸ். "அண்ணா, உங்க புண்ணியம்" என்று லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு சிரித்தேன். வேறென்ன செய்வது?

பழகினவர்களுக்கு அது தமாஷ். அவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் என்னைக் கொன்றார்கள். அவர்கள் முதலில் பாடத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் வார்டுக்கு வருவார்கள். என்னைக் கண்டதும் ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். நான் பெட்பேன் எடுத்தால் என் கையைப் பார்ப்பார்கள். கோட்டயத்துப் பெண் ஒருத்தி, என் மகள் வயசு, "அங்கிள், கை கழுகியோ?" என்று நோயாளி முன்னாலேயே கேட்டாள். கழுவி ஈரம்கூடக் காயவில்லை. மறுபடி போய்க் கழுவினேன். அந்த நோயாளி அதற்குப் பிறகு என்னைத் தொடவிடவில்லை. வேறு ஆளைக் கேட்டார்.

எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. அந்த மாதிரிச் சிரித்துக்கொண்டே செய்கிறவன் எனக்குள் எங்கேயோ இருந்திருப்பானோ, கேமராக்காரர் அவனைத்தான் வெளியே எடுத்தாரோ என்று. விரலிடுக்கில் தோல் வெடிக்கிற அளவுக்குக் கழுவினேன்.

6

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கவிதா பியுசி, நம் ஊர்க் கணக்கில் ப்ளஸ் டூ, முடித்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் ஸ்கூலிலேயே சேர்ந்துவிட்டாள். ஊழியர் பிள்ளை என்று இடம் கொடுத்தார்கள். ஹாஸ்டல். சனிக்கிழமைதான் வருவாள். வந்தாலும் ஃபோனில் கன்னடமும் இங்கிலீஷும். நாங்கள் தமிழில் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். இரண்டாம் வருஷம் தொடங்கியதும் எல்லா மாணவிகளுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பாடம் உண்டு. அதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே வேண்டுதல்தான். என் மகள் அவளுடைய கிளாஸில் உட்கார்ந்துகொண்டு, அப்பா முகத்தில் சிவப்புக் கோடு விழுவதைப் பார்க்கக்கூடாது.

ரோஸி சிஸ்டரிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல கேளுங்கண்ணா" என்றார். அங்கே பிரவீண் என்று ஒரு தம்பி. நல்லவர். "எங்ககிட்ட இருக்கறது காப்பி மட்டும்தான் சார். ஒரிஜினல் கோரமங்களாவுல கம்பெனிகிட்ட இருக்கு. அட்மின்ல எழுதிக் கேட்டாதான் மாத்துவாங்க" என்றார். அட்மினில், "உங்க டிபார்ட்மெண்ட் ஹெட் மூலமா வரணும்" என்றார்கள். என் டிபார்ட்மெண்ட் ஹெட் யார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்ததில், வார்டு பாய்களுக்கு ஹவுஸ்கீப்பிங் மேனேஜர். அவரிடம் போனால், "இது பாட சமாச்சாரம், ரோஸி சிஸ்டர்கிட்ட போங்க" என்றார். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன்.

கடைசியில் அட்மினிஸ்ட்ரேஷன் ஆபீஸரே கூப்பிட்டார். ரோஸி சிஸ்டரும் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"படம் எடுக்கும்போது நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்தானே?" என்று கன்னடத்தில் கேட்டார் ஆபீஸர்.

"ஒத்துக்கிட்டேன் சார். ஆனா சரியா செய்யறதுலயும் நான்தான் வருவேன்னு சொன்னாங்க. ரெண்டும் நான்தான்னு."

அவர் ரோஸி சிஸ்டரைப் பார்த்தார். "நீங்க அப்படி பிராமிஸ் பண்ணீங்களா?"

"நத்திங் லைக் தட், சார்" என்றார் ரோஸி சிஸ்டர்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? இவ்வளவு தெரியும். வார்டில் பேஷண்டுக்கு எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லும்போது இப்படித்தான் சொல்வார். அப்போதெல்லாம் அது நல்ல செய்தி.

ஆபீஸர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருன்னு தெரியாத மாதிரி செஞ்சுடலாம்" என்றார். சில வாரத்தில் புது சிடி வந்தது. பிரவீண் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாப் படத்திலும் என் கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை. பேப்பரில் திருட்டுக் கேஸில் பிடிபட்டவர்களுக்குப் போடுவார்களே, அது. கண் போய்விட்டது. சிரிப்பு மட்டும் பாக்கி.

"இப்போ யாருக்கும் தெரியாது சார்" என்றார் பிரவீண். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கௌரம்மா எட்டிப் பார்த்தாள். "அய்யோ, சம்பத்தண்ணனைப் போலீஸ் பிடிச்சிட்டாங்களா?" என்றாள் கன்னடத்தில்.

அந்தப் புது சிடிதான் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. ஓசூருக்குப் போனது. இப்போது குடியாத்தத்துக்கும் வந்திருக்கிறது.

7

ரோஸி சிஸ்டரோடு சாப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அதே மேஜையில் உட்கார்ந்தேன். அவர் குழம்பை நகர்த்துவார், நான் போதும் என்பேன்.

போன ஆவணியில் ஒரு நாள், அவரே குஷியாக வந்து உட்கார்ந்தார். "அண்ணா, இன்னிக்கு செகண்ட் இயர் பசங்களுக்குப் பாடம். நான்தான் கூட இருந்தேன். நீங்க எவ்ளோ பயந்தீங்க! பாப்பா என்னமா சமாளிச்சா தெரியுமா? யாருக்குமே தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் கூடச் சேந்து சிரிச்சா. மூஞ்சில ஒண்ணும் காட்டல. நூத்துக்கு நூறு!"

என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி டப்பாவைத் திறந்தார்.

நூற்றுக்கு நூறு வாங்க என்ன செய்ய வேண்டும் என்று அந்த பில்டிங்கில் எல்லோருக்கும் தெரியும். அது என் மகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை அப்பா வந்தபோதும் பக்கத்துப் படத்துக்குப் போயிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வசந்தா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கவிதா தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். கேட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டர் பாடம் ஆச்சாமே."

"ம்."

"படத்துல இருக்கறது யாருன்னு பசங்க கேட்டாங்களா?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டாங்க. இந்த ஆளு நம்ம ஆஸ்பத்திரியிலதான் இருக்காரா, இப்படியா வேலை செய்வாருன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"நடிக்கறதுக்கு வெளியில இருந்து கூட்டிக்கினு வந்த ஆளுன்னு சொன்னேன்."

அடுப்படியில் வசந்தாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னாடி பேசறே?" என்றாள்.

"பொய்யாம்மா அது? அப்பாதானே நடிச்சேன்னு சொன்னாரு." என் பக்கம் திரும்பினாள். "நீதானேப்பா இங்க நின்னு நடிச்சுக் காட்டினே? அந்த ஆளு நெஜமா அப்படி செய்ய மாட்டாரு, சும்மா நடிச்சாருன்னு சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க."

ஆபீஸ் ஆபீஸாக ஏறி நான் சொல்லச் சொன்னது அதைத்தான். அவன் நடித்தான், அவன் கை அப்படிப்பட்ட கை இல்லை என்று யாராவது ஒருத்தர் நாலு பேர் நடுவில் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். மேட்ரன் சொல்லவில்லை. ஆபீஸர் சொல்லவில்லை. ரோஸிம்மா சொல்லவில்லை. என் மகள் ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவள் என்னை வெளி ஆளாக்க வேண்டியிருந்தது. கோபப்படலாம் என்று பார்த்தேன். எந்த இடத்தில் பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வசந்தா இன்னொரு தோசையைக் கொண்டுவந்து அவள் தட்டில் போட்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டாள்.

"இன்னொண்ணுப்பா" என்றாள் கவிதா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த மாசம் எங்களுக்கு வார்டு டியூட்டி ஆரம்பிக்குது. எனக்கு உன் வார்டுதான் போட்டிருந்தாங்க. மாத்திக் கேட்டேன். ஆனேக்கல்ல நம்ம ஆஸ்பத்திரி ஹெல்த் சென்டர் இருக்கில்ல, அங்க குடுத்துட்டாங்க."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"ஆனேக்கல் பஸ் சாயங்காலத்துல ரொம்ப நெரிசலா இருக்கும்" என்றேன். "சந்தாபுரா தாண்டற வரைக்கும் படியில நிக்காதே. உள்ள தள்ளிப் போயிடு."

"நீ கவலைப்படாதேப்பா" என்றாள் என் மகள். "அங்க உன்னை யாருக்கும் தெரியாது."